அறுந்த காயிலை முறுக்கிவிடலாமா? ஓம், வாட் கணக்கு முதலிலிருந்து

கரண்ட் அடுப்பில் காயில் அறுந்தால், இரண்டு முனையையும் இழுத்து முறுக்கிவிட்டு மறுபடி பிளக்கைச் சொருகுவது நம் பக்கம் வழக்கம். செல்லூரில் என் கடைக்கு வருகிற அடுப்புகளில் முறுக்கு விழாத காயிலைப் பார்ப்பதே அபூர்வம். டீக்கடை அக்கா ஒருவர் கொண்டுவந்த அடுப்பில் மூன்று இடத்தில் முறுக்கு. "முறுக்கிவிட்ட பிறகு முன்னைக்கு இப்ப நல்லா எரியுது தம்பி, ஆனா அடிக்கடி அத்துப்போகுது" என்றார். இரண்டும் உண்மை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

காயில் என்பது நைக்ரோம் கம்பி. பெரும்பாலும் 80 பங்கு நிக்கல், 20 பங்கு குரோமியம். 1906-ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் மார்ஷ் இந்த வகைக் கலவைக்குக் காப்புரிமை வாங்கினார். செக்கச் சிவந்தாலும் காற்றில் பொடிந்துபோகாமல், மேலே படியும் ஆக்சைடு படலம் கம்பியைக் காக்கும். ஓம் என்பது கரண்டைக் கம்பி எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு. கம்பி நீளமானால் ஓம் கூடும், தடிமனானால் குறையும்.

வேலை பழக வருகிற பிள்ளைகள் தடுமாறுவது இதற்கு அடுத்த இடத்தில். "ஓம் அதிகமானாத்தானே அண்ணே சூடு அதிகமாகும்?" என்பார்கள். வீட்டு லைனில் வோல்ட் 230 என்று நிலையாக இருக்கிறது. அதனால் ஓம் குறையக் குறைய கரண்ட் அதிகம் ஓடும், சூடும் ஏறும். 230-ஐ 230-ஆல் பெருக்கினால் 52,900. இந்த ஒரு எண்ணை மனப்பாடம் செய்துவிடுங்கள். வாட்டால் வகுத்தால் ஓம் வரும், ஓமால் வகுத்தால் வாட் வரும். 750 வாட் அயர்ன் பாக்ஸ் என்றால் சுமார் 70 ஓம். 1000 வாட் அடுப்பு 53. 2000 வாட் கீசர் 26.

இப்போது அக்காவின் அடுப்புக்கு வருவோம். 1000 வாட் காயிலில் பத்தில் ஒரு பங்கு கருகிப்போய், மீதியை முறுக்கிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 53 ஓம் 48-ஆகக் குறைகிறது, அடுப்பு 1100 வாட் இழுக்கிறது. கம்பி குட்டையாகி, சூடும் ஏறியதால், ஒவ்வொரு இன்ச் கம்பியும் தாங்க வேண்டிய சுமை கிட்டத்தட்ட கால் பங்கு கூடிவிடுகிறது. அடுத்த தடவை இன்னும் குட்டை, இன்னும் சூடு. போதாததற்கு, முறுக்கின இடத்தில் ஆக்சைடு படிந்து கம்பியும் கம்பியும் சரியாகத் தொடாது. அங்கேயே பொறி விட்டு அறும். ஈயம் வைத்துப் பற்றவைக்கவும் முடியாது, 190 டிகிரிக்குள் உருகி ஓடிவிடும். புதுக் காயில்தான் ஒரே வழி.

காயில் சரியாக இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்ப்பது சுலபம். பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, மீட்டரை 200 ஓமில் வையுங்கள். அயர்ன் பாக்ஸ் என்றால் சூட்டுக் குமிழைக் கூட்டிவைக்க மறக்காதீர்கள். பிளக்கின் சின்னப் பின் இரண்டிலும் முனையை வைத்தால் கணக்குக்குப் பக்கத்தில் எண் வரவேண்டும். எதுவும் காட்டாவிட்டால் உடனே காயிலைக் குறைசொல்லாதீர்கள். வயர் கழுத்தில் அறுந்திருக்கலாம், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் போயிருக்கலாம். பிறகு மீட்டரை உச்ச அளவில் வைத்து, பெரிய எர்த் பின்னுக்கும் சின்னப் பின்னுக்கும் நடுவே பாருங்கள். அங்கே எண் வந்தால் பெட்டியின் உடம்பில் கரண்ட் இறங்குகிறது. அதை யாரும் தொடவிடாதீர்கள்.

ஆறிய காயிலில் அளந்த ஓமே சூட்டிலும் ஏறக்குறைய நிற்பது நைக்ரோமின் குணம். குண்டு பல்பில் இந்தக் கணக்கு செல்லாது. 100 வாட் பல்பு கணக்குப்படி 529 ஓம், அணைந்திருக்கும்போது அளந்தால் 40 பக்கம்தான் காட்டும். சாயங்காலம் வோல்ட் 180-க்கு இறங்கினால் 1000 வாட் அடுப்பு 610 வாட்தான் தரும். இட்லி வேக நேரமாகிறது என்று காயிலை மாற்றாதீர்கள், அதில் கோளாறு இல்லை.

புதுக் காயில் மாட்டும்போது அவசரப்படாதீர்கள். அடுப்புத் தட்டில் காயில் உட்காரும் பள்ளத்தின் நீளத்தை நூலால் அளந்து, அதைவிடக் கொஞ்சம் குறைவாக, ஒரே சீராக இழுத்துக்கொள்ளுங்கள். நெருக்கமாக நின்ற சுருள்தான் முதலில் சிவந்து முதலில் அறும். திருகில் மாட்டும் வால்பகுதியைத் திருப்பி இரட்டையாக முறுக்கிவிட்டால் அந்த முனை சூடேறாது, திருகும் கருகாது. பெரும்பாலானவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. திறந்த காயில் அடுப்பில் வெறும் கம்பியிலேயே கரண்ட் ஓடுகிறது என்பதால், சட்டி வைக்கும்போதும் இறக்கும்போதும் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். 1500 வாட் என்றால் ஆறரை ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்பாயிண்டில் சொருகாதீர்கள், 16 ஆம்பியரில்தான். மாட்டி முடித்ததும் வெறும் அடுப்பை ஐந்து நிமிடம் எரியவிட்டு, எல்லா இடமும் ஒரே சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் பளிச்சென்று தெரிந்தால் அணைத்து, ஆறவிட்டு, அந்த இடத்தை இன்னும் கொஞ்சம் இழுத்துவிடுங்கள்.