வீட்டுக்குள் வைக்க முதல் செடி: எதை வாங்கலாம்?

நர்சரிக்குக் கிளம்பும் முன் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. செடி வைக்கப்போகும் இடத்தில் பகல் பதினொரு மணி வாக்கில் ஒரு வெள்ளைத்தாளை வையுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, தாளுக்கு ஓரடி மேலே கையை நீட்டுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும்படி நிழல் விழுந்தால் நல்ல வெளிச்சம். கை என்று மட்டும் தெரிந்தால் சுமார். நிழலே விழாத இடத்தில் எந்தச் செடியும் வளராது, சில மாதம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான்.

அடுத்து உங்கள் கையைப் பற்றி யோசியுங்கள். தண்ணீர் ஊற்ற மறக்கிறவர் என்றால் ஸ்நேக் பிளான்ட் அல்லது ஸீஸீ பிளான்ட். முதலாவது தடித்த இலையிலும் இரண்டாவது மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்கிலும் நீரைச் சேமித்துக்கொள்ளும். சுமாரான வெளிச்சத்தில் இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊற்றினால் போதும். தினமும் எதையாவது ஊற்றாவிட்டால் கை பரபரக்கும் என்றால் மணி பிளான்ட்டைத் தண்ணீர் பாட்டிலில் வளர்ப்பதே நல்லது. வெட்டிய தண்டில் ஒரு கணுவாவது நீருக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் வேர் கணுவில்தான் விடும். வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றி, பாட்டிலின் உட்புறத்தையும் தேய்த்துக் கழுவுங்கள். இல்லாவிட்டால் செடியோடு டெங்கு கொசுவும் வளரும்.

அரிக்கா பாமை வீட்டுக்குள் வைக்கும் செடி என்று விற்பார்கள். ஜன்னலோரம் இல்லாமல் அது தேறாது. துளசி, ரோஜா, குரோட்டன்ஸுக்கு வெயில் வேண்டும், அவை பால்கனிக்கு.

ஆரம்பக்காரர்களின் செடி காய்ந்து போவதைவிட அழுகிப் போவதுதான் அதிகம். மண் துகள்களுக்கு நடுவே உள்ள காற்றுதான் வேருக்கு மூச்சு. அந்த இடத்தைத் தண்ணீர் நிரந்தரமாக அடைத்துக்கொண்டால் வேர் அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது, அதனால் இலை வாடும். வாடிய இலையைப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவோம், கதை முடிந்தது. எனவே வாட்டத்தைக் கண்டதும் முதலில் மண்ணைத் தொடுங்கள். மண்ணும் காய்ந்திருந்தால் தாகம். மண் ஈரமாக இருந்து, தண்டின் அடி கொழகொழத்தால் அழுகல். மணி பிளான்ட்டுக்கு மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்ததும் ஊற்றலாம். ஸ்நேக், ஸீஸீ இரண்டுக்கும் தொட்டியைத் தூக்கிப் பார்த்து, கனமில்லாமல் இருந்தால்தான் ஊற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இந்த இடைவெளி இன்னும் நீளும். ஊற்றும்போது அடித்துளை வழியாக வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரில் உப்பு அதிகம், அது செடிக்கு வேண்டாம்.

நர்சரியில் இலையின் அடிப்பக்கத்தையும் இலை தண்டோடு சேரும் இடுக்கையும் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி, அந்தச் செடியை எடுக்காதீர்கள். செடியைப் பிடித்து லேசாக அசைத்தால் அடியில் ஆடக்கூடாது. கருப்பு கவரில் இருப்பது பெரும்பாலும் இறுகிய செம்மண், வீட்டுக்குள் அது எளிதில் காயாது. பத்து நாள் வீட்டுச் சூழலுக்குப் பழகவிட்டு, பிறகு தொட்டி மாற்றுங்கள். செம்மண், ஆற்றுமணல் அல்லது பெர்லைட் (எடையில்லாத வெள்ளைக் கல் துகள்), ஊறவைத்துப் பிழிந்த கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மண்புழு உரம் நான்கும் சம பங்கு. ஸ்நேக் பிளான்ட்டுக்கு மணலை இரண்டு பங்காக்குங்கள். தொட்டி வேர்ப்பந்தைவிட (வேரும் அதைச் சுற்றிய மண்ணும் சேர்ந்த உருண்டை) இரண்டு அங்குலம் அகலமாக இருந்தால் போதும், பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும். துளையில்லாத பீங்கான் தொட்டி ஆசையாக இருந்தால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் தொட்டியை வைத்துக்கொள்ளலாம்.

மணி பிளான்ட், ஸீஸீ இரண்டின் சாறும் வாயில் பட்டால் எரிச்சலும் வீக்கமும் வரும். ஸ்நேக் பிளான்ட்டைக் கடித்தால் பூனை, நாய்க்கு வாந்தி வரும். தவழும் குழந்தையோ பூனையோ இருக்கிற வீட்டில் இவற்றை உயரத்தில் வையுங்கள், அல்லது ஸ்பைடர் பிளான்ட் வாங்குங்கள்.

பின்னாளில் மாவுப்பூச்சி வந்தால் பஞ்சில் சானிடைசர் தொட்டுத் துடைத்தெடுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்ப எண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். முட்டையிலிருந்து வருவதையும் பிடிக்க, வாரம் ஒருமுறை என மூன்று தடவை அடிக்க வேண்டும்.