துருவச் சூழலியல் ஆய்வை மட்டக்களப்பிலிருந்து தொடங்கும் வழி

துருவச் சூழலியலாளராக விரும்பும் மாணவர், பனியைத் தேடிப் புறப்படுவதற்கு முன், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மட்டக்களப்பு வாவியின் சேற்றோரத்தில் பைனாகுலருடன் அதிகாலையில் நிற்கப் பழக வேண்டும். வளைந்த அலகைச் சேற்றுக்குள் குத்திக் குத்தி இரைதேடும் வளைமூக்கு உள்ளான், சைபீரியாவின் ஆர்க்டிக் தூந்திராவில், அதாவது மரங்கள் வளராத உறைநிலத்தில், இனப்பெருக்கம் செய்யும் பறவை. முதுகு இறகுகளின் ஓரம் வெளிறி, செதில் அடுக்கியதுபோலத் தெரிந்தால் அது அவ்வாண்டில் பொரித்தது. இளம் பறவைகளையும் முதிர்ந்தவற்றையும் தனித்தனியே எண்ணித் தேதியுடன் குறித்துவையுங்கள். தூந்திராவில் லெம்மிங் எலிகள் அருகிய ஆண்டில் ஆர்க்டிக் நரிகள் முட்டைகளையும் குஞ்சுகளையும் நாடுவதால், இளம் பறவைகளின் விகிதம் குறையக்கூடும். கொசுக்கடியையும் இங்கேயே பழகிக்கொள்ளலாம். தூந்திராவின் கோடையிலும் அது உண்டு.

உயர்தரத்தில் உயிரியல் பிரிவைத் தெரிவுசெய்து, வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ வேறெங்கோ விலங்கியல் பயிலும்போது, புள்ளியியலைத் தட்டிக்கழிக்காதீர்கள். பிறகு, நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் 78 பாகை வட அகலக்கோட்டில் 1993 முதல் இயங்கும் பல்கலைக்கழக மையத்தின் ஆர்க்டிக் உயிரியல் பாடநெறிகளைப் பாருங்கள். பேராசிரியருக்கு அனுப்பும் முதல் மின்னஞ்சலில் ஆர்வத்தை வருணிப்பதைவிட, வாவியில் எடுத்த எண்ணிக்கை அட்டவணையை இணைப்பதே மேல்.