கேமராவிலிருந்து கைப்பேசிக்குப் படம் அனுப்புவது எப்படி? வைஃபை வழி, புதியவர்களுக்காக

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தைப் படமெடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: மெமரி கார்டு மூடியை அங்கே திறக்காதீர்கள். உப்புக் காற்று, ஐஸ் தண்ணீர், கையெல்லாம் ஈரம் என்று கேமராவுக்கு ஆகாத எல்லாமே அங்கே இருக்கின்றன. ஆனால் வஞ்சிரத்தைத் தூக்கிப் பிடித்து நின்றவர் தன் படத்தை உடனே கேட்பார், கேட்பதும் நியாயம்தான். மூடியைத் திறக்காமலேயே அவருக்குக் கொடுக்கக் கேமராவின் வைஃபை உதவும்.

உங்கள் கேமராவில் அந்த வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேனான் 1500டி, 200டி, நிக்கான் டி5600 ஆகியவற்றில் இருக்கிறது. நிக்கான் டி3500இல் வைஃபை கிடையாது, புளூடூத் மட்டுமே. மெனுவில் வைஃபை என்ற சொல்லோ, விசிறிபோல் விரியும் அந்தக் குறியோ இருந்தால் போதும். எதுவும் இல்லையென்றால் கடைசிக்கு முந்தைய பத்திக்குப் போய்விடலாம்.

தொடங்கும் முன் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். இங்கே கேமராவே ஒரு வைஃபை நெட்வொர்க்கை உருவாக்குகிறது. உங்கள் கைப்பேசி அதில் போய்ச் சேர்கிறது. அந்த நெட்வொர்க்கில் இணையம் இல்லை. அதனால் படம் அனுப்ப டேட்டா செலவாகாது. டவரே எட்டாத நடுக்கடலில் விசைப்படகின் மேல்தளத்தில் நின்றும் அனுப்பலாம். புதியவர்களுக்கு வரும் தொல்லைகளில் முக்கால்வாசியும் இந்த ‘இணையம் இல்லை’ என்பதிலிருந்தே வருகின்றன.

வீட்டிலேயே செய்ய வேண்டியவை

கேமரா நிறுவனத்தின் செயலியை வீட்டில் இருக்கும்போதே இறக்கிக்கொள்ளுங்கள். கேனானுக்குக் கேமரா கனெக்ட், நிக்கானுக்கு ஸ்னாப்பிரிட்ஜ், சோனியின் புதிய மாடல்களுக்குக் கிரியேட்டர்ஸ் ஆப். செயலி முதல்முறை திறக்கும்போது இருப்பிடம், புளூடூத், புகைப்படங்கள் ஆகியவற்றுக்கு அனுமதி கேட்கும். ஐஃபோனில் ‘லோக்கல் நெட்வொர்க்’ என்றும் ஒன்று கேட்கும். அதை மறுத்தால் கேமரா பக்கத்திலேயே இருந்தாலும் செயலியின் கண்ணுக்குத் தெரியாது.

கேமராவின் தேதி, நேரத்தையும் சரிபாருங்கள். தேதி தவறாக இருந்தால், இன்று அனுப்பிய படம் கைப்பேசி கேலரியில் என்றோ ஒரு பழைய ஆண்டுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். படம் வரவில்லை என்று திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பீர்கள்.

இணைப்பது

கேனான் 1500டியை எடுத்துக்கொள்கிறேன். நம் பக்கத்தில் முதல் கேமராவாகப் பலர் வாங்குவது அதுதான்.

மெனுவில் வைஃபை/என்எஃப்சி என்பதை ‘எனேபிள்’ ஆக்குங்கள். அடுத்து ‘வைஃபை ஃபங்ஷன்’. முதல்முறை என்றால் கேமராவுக்கு ஒரு பெயர் கேட்கும். எதையாவது கொடுத்து நகருங்கள். திரையில் வரும் குறிகளில் கைப்பேசிக் குறியைத் தேர்ந்தெடுத்து, ‘ஈஸி கனெக்ஷன்’ என்பதை அழுத்துங்கள். கேமராத் திரையில் நெட்வொர்க்கின் பெயரும் கடவுச்சொல்லும் தோன்றும்.

இப்போது கைப்பேசியில் செயலியைத் திறக்காதீர்கள். முதலில் வைஃபை அமைப்புக்குப் போய், கேமரா காட்டிய பெயரைத் தேடி, கடவுச்சொல்லைக் கொடுத்துச் சேருங்கள். அதன் பிறகே செயலி. அதில் உங்கள் கேமராவின் பெயரைத் தொட்டால், இந்தக் கைப்பேசியுடன் இணையலாமா என்று கேமரா கேட்கும். ஓகே கொடுங்கள்.

மற்ற கேமராக்களில் மெனுவின் சொற்கள் மாறும், வரிசை ஏறத்தாழ இதேதான். சோனியின் பல மாடல்கள் திரையில் க்யூஆர் கோடு காட்டும். கடவுச்சொல் தட்டும் வேலை மிச்சம்.

அறுந்துபோகும் இடம்

சேர்ந்த சில நொடிகளில் ‘இந்த வைஃபையில் இணையம் இல்லை, தொடரலாமா?’ என்று கைப்பேசி கேட்கும். தொடரலாம் என்று சொல்லுங்கள். நல்லது செய்வதாக நினைத்து மொபைல் டேட்டாவுக்கோ வீட்டு வைஃபைக்கோ தானாகத் தாவிவிடும் கைப்பேசிகள் உண்டு. செயலியில் தேடும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், படம் வராது. மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். வீட்டு வைஃபைக்குத் தானாகச் சேரும் அமைப்பையும் அப்போதைக்கு நிறுத்துங்கள். விபிஎன் வைத்திருந்தால் அதையும். பெரும்பாலும் இதற்குள் சரியாகிவிடும்.

சரியான பிறகும் ஆமை வேகமென்றால் இடத்தைப் பாருங்கள். பல கேமராக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் இயங்குகின்றன. பழைய வண்ணாரப்பேட்டையில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ஆளுக்கொரு ரவுட்டர். எல்லாம் அதே அலைவரிசையில் நெரிசல். கேமராவையும் கைப்பேசியையும் மேசையில் அருகருகே வையுங்கள், அல்லது மொட்டை மாடிக்குப் போங்கள்.

எதை அனுப்புவது?

செயலியில் படங்கள் சிறிதாக வரிசைகட்டும். தேவையானவற்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். எடுத்த அனைத்தையும் அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை. வியாசர்பாடியில் கால்பந்தாட்டத்தை அடுக்கடுக்காக எடுத்தவர் அத்தனையையும் அனுப்பத் தொடங்கினால் பேட்டரி முதலில் ஓய்ந்துவிடும்.

செயலியின் அமைப்பில் சுருக்கிய அளவு, மூல அளவு என்று இரண்டு இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சுருக்கிய அளவே தாராளம். 24 மெகாபிக்சல் படம் ஒன்று 7, 8 எம்பி வரும். அதைப் பொறுமையாக இறக்கிக் கொடுத்தாலும் வாட்ஸ்அப் தன் பங்குக்குச் சுருக்கியே அனுப்பும். அச்சிடவோ வெட்டிப் பயன்படுத்தவோ என்றால் மூல அளவு வேண்டும்: 1856இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்தை முழுதாக எடுத்து, தூண்களை மட்டும் தனியே வெட்டிக்கொள்வதுபோல. மூல அளவிலேயே நண்பருக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள்.

ரா வடிவில் (கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் பெரிய கோப்பு) மட்டும் எடுக்கிறவர்கள் ரா+ஜேபெக் என்று மாற்றிக்கொள்ளுங்கள். தொடக்கநிலைக் கேமராக்கள் பலவற்றில் ரா கோப்பு அப்படியே கைப்பேசிக்கு வராது.

வேலை முடிந்ததும் கேமராவில் வைஃபையை அணையுங்கள், கைப்பேசியில் மொபைல் டேட்டாவைத் திரும்பப் போடுங்கள். அடுத்த முறை கேமரா இந்த இணைப்பை நினைவில் வைத்திருக்கும். பாதி வேலை குறையும்.

கல்யாண வீட்டுப் படங்கள்போல நூற்றுக்கணக்கில் இருந்தால் வைஃபையோடு மல்லுக்கட்ட வேண்டாம். கைப்பேசியில் நேராகச் செருகும் கார்டு ரீடர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, வேகமும் அதிகம். வைஃபை இல்லாத பழைய கேமராக்காரர்களுக்கும் அதுவே வழி. கார்டை வெளியே எடுப்பதை மட்டும் வீட்டுக்கு வந்து, கையைத் துடைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கேமராவை விற்கும்போதோ இரவல் கொடுக்கும்போதோ அதில் சேமித்த வைஃபை அமைப்புகளை அழித்துவிடுங்கள். மெனுவில் அதே வைஃபை பகுதியிலேயே அதற்கான கட்டளை இருக்கும்.