கறுப்பு நாற்காலி வாங்கும் முன்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில், தேக்குத் தூண்களுக்கும் எனாமல் தூக்குகளுக்கும் நடுவே, கொடியும் பூவும் செதுக்கிய கறுப்பு நாற்காலி ஒன்று உங்கள் கண்ணில் படக்கூடும். "டச்சுக்காரன் காலத்துக் கருங்காலி" என்று கடைக்காரர் சொன்னால், விலை பேசுவதற்கு முன் அதைக் கவிழ்த்துப் பாருங்கள்.

கருங்காலி தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனமான மரம் என்பதால், ஒரு கையால் எளிதாகத் தூக்க வருகிற நாற்காலி பெரும்பாலும் வேறு மரத்தில் செய்து கறுப்புச் சாயம் ஏற்றியதாகவே இருக்கும். அத்தகைய நாற்காலியில், பிரம்பு கோக்கும் துளைகளின் உள்விளிம்பிலும் கை பட்டுத் தேய்ந்த கைப்பிடி நுனியிலும் பழுப்பு நிறம் எட்டிப் பார்க்கும். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவிலும் இப்படிக் கறுப்பேற்றுவது பெருவழக்காக இருந்ததால் இதையே மோசடி என்று சொல்ல முடியாது. சாய மரத்துக்குக் கருங்காலி விலை கேட்பதுதான் மோசடி.

அசலானவை 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சோழமண்டலக் கரையிலும் இலங்கையிலும் ஐரோப்பியருக்காகச் செய்யப்பட்டவை. முறுக்கிக் கடைந்த கால்களும் பிரம்புப் பின்னலும் அவற்றின் அடையாளம். அடுத்த நூற்றாண்டில் ஆங்கில எழுத்தாளர் ஹோரஸ் வால்போல் இவற்றை 16ஆம் நூற்றாண்டை ஒட்டிய டியூடர் மன்னர்கள் காலத்து ஆங்கிலச் சாமான்கள் என்று நம்பித் தம் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகைக்கு வாங்கினார் என்பதால், நாம் ஏமாந்தாலும் பெரிய மனிதர் துணை உண்டு. கொழும்பு செல்வோர் புறக்கோட்டையிலுள்ள ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) அருங்காட்சியகம் திறந்திருக்கும் நாளை விசாரித்து, அக்காலத் தளபாடங்களைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொண்ட பிறகு கடையேறுவது நல்லது.

நாற்காலியை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக நினைப்பவருக்கு உண்மையான சிக்கல் வாங்கிய பிறகுதான் தொடங்குகிறது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுள்ள கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது; இலங்கையிலும் தொல்பொருளைக் கொண்டுசெல்லத் தொல்லியல் திணைக்களத்தின் உரிமம் வேண்டும். பேரம் பேசும்போது 200 வயது சொல்லும் கடைக்காரர், பில்லில் மட்டும் புதுச் சாமான் என்று எழுதித் தர முன்வந்தால் அதற்கு இணங்காதீர்கள், ஏனெனில் சுங்கத்தில் பதில் சொல்லப் போவது நீங்கள்தான். வயதில் ஐயம் இருந்தால், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற்ற பின்பே பணம் முழுவதையும் கொடுங்கள். என்னைக் கேட்டால், வெளிநாட்டு வீட்டுக்கு இன்றைய தச்சர் செய்த கறுப்புச் சாய நாற்காலியே போதும். எந்த மரம், எப்போது செய்தது என்பதைப் பில்லில் தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.