படக்கதைப் புத்தகத்தில் யார் என்ன வேலை செய்கிறார்? எண்ணிப் பார்க்கும் முறை

குடியாத்தத்தில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் அம்மா, ஆம்பூரில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் அக்கா, வாணியம்பாடியில் வீட்டில் உருதும் கடையில் தமிழும் பேசும் வியாபாரி. இவர்களை நம் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். படக்கதைப் புத்தகங்களிலும் பார்க்கிறார்களா? எண்ணிப் பார்த்துச் சொல்ல ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு நண்பர் போதும்.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள். ‘பண்பாடு எப்படிக் காட்டப்படுகிறது?’ என்று தொடங்கினால் பத்தாவது புத்தகத்திலேயே தலை சுற்றும். உடை, உணவு, பண்டிகை, வேலை ஆகியவற்றில் ஒன்று போதும். நான் வேலையை எடுத்துக்கொண்டேன். அமெரிக்காவில் நான்சி லாரிக் 1965இல் வெளியிட்ட ஆய்வும் ஒற்றைக் கேள்விதான்: கறுப்பினத்தவர் ஒருவராவது வரும் சிறுவர் நூல்கள் எத்தனை? மூன்று ஆண்டுகளில் வந்த 5,000-க்கும் மேற்பட்ட நூல்களில் 6.7 சதவீதம் மட்டுமே.

புத்தகத்தைத் திறக்கும் முன் உங்கள் ஊர் வேலைகளைப் பட்டியலிடுங்கள். தோல் பதனிடுதல், பீடி, தீப்பெட்டி, கைத்தறி, பாலாற்றங்கரை விவசாயம், ஆஸ்பத்திரி வேலை, ஜவ்வாது மலையில் தேன் எடுத்தல். இதைப் பிறகு செய்யலாம் என்று விட்டால், புத்தகம் காட்டுவதை மட்டுமே எண்ணுவீர்கள். காட்டாதது கண்ணில் படாது.

அடுத்து நூல்கள். நூலகத்தின் சிறுவர் அலமாரியில் மூன்றுக்கு ஒன்றாக எடுத்து முப்பது சேருங்கள். பிடித்ததைப் பொறுக்கினால் அது உங்கள் ரசனையைப் பற்றிய ஆய்வாகிவிடும். அலமாரி போதவில்லை என்றால், சிறுவர் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு நூலிலும் ஆண்டு, எழுதியவர், வரைந்தவர், மூலமொழி ஆகியவற்றைக் குறியுங்கள். மூலமொழியை விட்டுவிடாதீர்கள். வேறு மாநிலத்து ஓவியர் வரைந்த வீட்டுக்குத் தமிழில் மொழிபெயர்த்தவர் பொறுப்பல்ல.

இனி முக்கியமான வேலை. ஒரு தாள் துண்டால் எழுத்தை மூடிவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். ‘அம்மா வேலைக்குப் போனாள்’ என்று எழுத்து நிறுத்திக்கொள்ளும். தோளில் கைப்பையா, தலையில் கூடையா என்பதைப் படம்தான் முடிவு செய்கிறது. முதல் சுற்றில் படம், இரண்டாம் சுற்றில் எழுத்து, இரண்டும் முரண்படும் பக்கத்துக்கு ஒரு குறி.

குறிக்கும்போது கண்டதை எழுதுங்கள், ஊகித்ததை எழுதாதீர்கள். ‘வெள்ளைத் தொப்பி, தாடி’ என்பது பதிவு. ‘முஸ்லிம்’ என்பது முடிவு. நான் இதில் சறுக்கியவன். பொட்டு இல்லாத ஒரு பாட்டியைக் கிறிஸ்தவர் என்று எழுதிவைத்தேன். உடனிருந்த தோழி, ‘எங்கள் பாட்டியும் தாத்தா போனபின் பொட்டு வைக்கவில்லையே’ என்றாள். அன்று முழுப் பட்டியலையும் அழித்துத் திரும்ப எழுதினேன்.

‘இருக்கிறார்’ என்று டிக் போட்டு நகர்வதும் தவறு. திருவிழாக் கூட்டத்தில் பிரியாணி விற்பவராக ஒரே பக்கத்தில் வந்துபோவது எந்தக் கணக்கில் சேரும்? ஆகவே ஒவ்வொருவருக்கும் நான்கு கட்டம் போடுங்கள்: பெயர் உண்டா, பேசுகிறாரா, எத்தனை பக்கம் வருகிறார், கதையின் சிக்கலை அவிழ்ப்பவரா. பெயரும் பேச்சும் இல்லாதவர்கள் எந்தெந்த வேலை செய்கிறார்கள் என்று தனியே பாருங்கள். பொழுது போவதே தெரியாது.

பத்து நூல்களை நண்பரும் தனியாகப் பதியட்டும். நூறு பதிவுகளில் குறைந்தது எண்பது ஒத்துப்போகாவிட்டால் குறை உங்கள் கட்டங்களில்தான். விளக்கத்தைத் திருத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

முடிவை எழுதும்போது ‘முப்பதில் இரண்டு’ என்று சொல்லுங்கள். இவ்வளவு சிறிய தொகைக்குச் சதவீதம் வீண் பந்தா. ‘தமிழ்ப் படக்கதைகளில்’ என்று அளக்காமல் ‘இந்த அலமாரியில்’ என்று நிறுத்துங்கள்.

என் அட்டவணையில் பீடி சுற்றுதல் என்ற வரிசை கடைசிவரை காலியாகவே இருந்தது. அச்செடுக்கும்போது இடம் வீண் என்று அந்த வரியை நீக்கத் தோன்றும். நீக்காதீர்கள், நூலகரிடம் கொடுக்கும் தாளில் அதுவும் இருக்கட்டும்.