ப்ரூக் ட்ரவுட் பிடிக்க: முதலில் தெர்மாமீட்டர், அப்புறம் தூண்டில்

ப்ரூக் ட்ரவுட் குளிர்ந்த நீரில் வாழும் மீன். அதைப் பிடிப்பதைக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள அல்கான்குவின் பூங்காவை வைத்துச் சொல்கிறேன். கனூவை, அதாவது லேசான துடுப்புப் படகை, தோளில் சுமந்துகொண்டு இரண்டு மூன்று ஏரிகளாவது தாண்டிப் போய்விடுங்கள். சாலையோர ஏரிகளில் கூட்டம் அதிகம். உரிமம், வாடகைக் கனூ எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

தீனியில் இந்த மீனுக்குப் பெரிய பிகு கிடையாது. மேஃபிளை என்ற நீர்ப்பூச்சி, தட்டானின் இளம்பூச்சி, அட்டை, பொடிமீன் எதுவானாலும் தின்னும். பிடிவாதமெல்லாம் தண்ணீரின் குளிர்ச்சியில்தான். ஏறத்தாழ 13 முதல் 16 டிகிரி செல்சியஸ் இதற்கு வசதி. 20ஐத் தாண்டினால் தவித்துப்போகும்.

மே மாதம் சுலபம். பனிக்கட்டி உருகியதும் ஏரி முழுக்க ஒரே குளிர். பூச்சிகள் கரையோரம் முதலில் சுறுசுறுப்பாகும், மீனும் அங்கேயே மேயும். காற்று அடிக்கும் கரை, ஓடை வந்து சேரும் வாய், விழுந்து கிடக்கும் மரம் என்று வீசிப் பாருங்கள். கடிக்கும் கருப்பு ஈக்களும் அதே மாதம்தான் கிளம்பும். தலைக்கு வலை இல்லாமல் போகாதீர்கள்.

ஜூலையில்தான் சிக்கல். மேலே சூடான நீர், கீழே குளிர்ந்த நீர் என்று ஏரி பிரிந்துவிடும். நடுவில் சில மீட்டருக்குள் வெப்பம் மளமளவென்று இறங்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், மீன் அங்கேதான் ஒதுங்கும். தெர்மாமீட்டரை வெறுமனே கயிற்றில் கட்டி இறக்கினால், மேலே இழுப்பதற்குள் அளவு ஏறிவிடும். அதனால் மூடியில் இரண்டு துளை போட்ட சின்னப் பாட்டிலுக்குள் தெர்மாமீட்டரையும் ஒரு கல்லையும் போடுங்கள். கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சு. இறக்கி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, சரசரவென்று இழுங்கள். உள்ளே பிடித்த தண்ணீர் அந்த ஆழத்தின் வெப்பத்தை ஓரளவு காட்டிக்கொடுக்கும். மீட்டர் மீட்டராக இறக்கி, 15 டிகிரி வரும் முடிச்சைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கும் ரொம்பக் கீழே போகாதீர்கள். சில ஏரிகளில் கோடைக்காலத்தில் அடியில் ஆக்சிஜன் குறைந்துவிடும்.

சரி, சாமான். அல்ட்ராலைட் எனும் மிக லேசான தூண்டில் கோல், 6 பவுண்டு எடை தாங்கும் நரம்பு, சின்ன ஸ்பின்னர் (இழுத்தால் தகடு சுழலும் தூண்டில்), அதன் முள்ளில் பாதி மண்புழு. பெட்டி நிறைய விலையுயர்ந்த பிளாஸ்டிக் மீன்கள் தண்டச்செலவு என்பது என் கட்சி. கனூவை மெதுவாகத் துடுப்புப் போட்டபடி ஸ்பின்னரைப் பின்னால் இழுத்து வாருங்கள். ஆழத்துக்கு வெள்ளீயக் குண்டு போதும். ஈயக்குண்டை லூன் பறவைகள் விழுங்கிச் செத்துப்போகின்றன. உயிருள்ள பொடிமீனை இரையாகக் கொண்டுபோவது இங்கே சட்டப்படி தவறு. தப்பிப் பெருகும் வேற்று மீன்கள் ட்ரவுட்டின் தீனியைப் பறித்துவிடும்.

பின்சேர்க்கை: ஆழமே இல்லாத ஏரியில் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அங்கே கோடையில் மீன்கள் அடியில் ஊற்று சுரக்கும் குளிர்ந்த இடங்களில் குவிந்து கிடக்கும். பிடிப்பது எளிது, ஆனால் 20 டிகிரிக்கு மேல் சூடான நீர் வழியாக இழுத்துவந்த மீனைத் திரும்ப விட்டாலும் பிழைப்பது சந்தேகம். அந்த ஏரிக்கு மே மாதமே போய்விட்டு வாருங்கள்.