சூரியனைப் பார்த்துப் படமெடுக்கையில் செய்யக்கூடாதவை

மூணாறு பக்கமுள்ள தேயிலைத் தோட்டமான கொழுக்குமலையில் விடியற்காலை எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேகத்துக்கு மேலே சூரியன் நன்றாகத்தான் இருக்கும். எதிர்மூலையில், தேயிலைச் செடிகள்மேல் பச்சையாக ஒரு பொட்டு விழுந்திருக்கும்; இல்லையென்றால் படம் முழுக்கப் பால் கலந்ததுபோல வெளுத்திருக்கும். இரண்டையும் ஃப்ளேர் என்றே சொல்கிறோம். பொட்டு, லென்ஸுக்குள் ஒரு கண்ணாடியில் பட்டு இன்னொன்றில் திரும்பும் வெளிச்சம். வெளுப்புக்குப் பெரும்பாலும் முன்கண்ணாடியின் அழுக்கு, ஈரம், பக்கவாட்டு வெயில் இவைதான் காரணம்.

முதல் தவறு, கேமரா வாங்கிய அன்று லென்ஸைப் பாதுகாக்க முன்னால் மாட்டிய யுவி ஃபில்டர் என்ற தட்டைக் கண்ணாடியைக் கழற்றாமலே இருப்பது. பூச்சு இல்லாத கண்ணாடி ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். மலிவு ஃபில்டர் என்றால் அப்படி இரண்டு பக்கம் கூடுதல். போதாததற்குச் சென்சாரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் அந்தத் தட்டைக் கண்ணாடியில் மோதி, சூரியனின் தலைகீழ் பிம்பமாகப் படத்தில் விழும். எதிர்வெயிலில் அதைக் கழற்றிப் பையில் போடுங்கள்.

அடுத்தது, சட்டை நுனியால் துடைப்பது. சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் குலுங்கி ஏறும்போது தூசி படியும், உச்சியில் மூடுபனி பொடித்துளியாக ஒட்டும். இரண்டையும் சேர்த்துத் தேய்த்தால் கீறலும் எண்ணெய்த் தீற்றலும்தான் மிச்சம். முதலில் ஊதுபந்தால் தூசியை விரட்டுங்கள். பிறகு மைக்ரோஃபைபர் துணியில் (லென்ஸில் அல்ல) லென்ஸ் துடைக்கும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றித் துடையுங்கள். ஃபோன் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் மிச்சத் தீற்றல் பளிச்சென்று தெரியும். பனி ஓடிக்கொண்டிருந்தால் சில நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தே ஆகவேண்டும்.

லென்ஸ் முனையில் வெயிலை மறைக்க மாட்டும் வளையமான ஹூடைத் திருப்பி மாட்டியபடியே படமெடுப்பவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நேராக மாட்டினாலும், சூரியன் ஃப்ரேமுக்குள் வந்துவிட்டால் ஹூடால் பயனில்லை. ஜூம் லென்ஸின் ஹூட் அகலக் கோணத்துக்கு ஏற்ப வெட்டப்பட்டது; ஜூம் செய்த பிறகு அந்த நிழல் போதாது. அங்கே கையோ தொப்பியோதான் துணை. கேமராவை ட்ரைபாடில் வைத்து, கையின் நிழல் முன்கண்ணாடி முழுவதையும் மூடும்படி சூரியப் பக்கமாக நீட்டுங்கள். நிழல் சரியாக விழுந்த நொடியில் திரையில் வெளுத்திருந்த கறுப்பு மீண்டும் நல்ல கறுப்பாகும். விரல் ஓரத்தில் தெரிந்தால் சற்று இழுத்துக்கொள்ளுங்கள்.

சூரியன் படத்துக்குள்ளேயே வேண்டுமென்றால் இரண்டு படம் எடுக்க வேண்டும். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) மூன்றையும் மேனுவலில் பூட்டிவிட்டு ஒன்றைச் சும்மா எடுங்கள். மற்றதை, கையை மேலிருந்து இறக்கிக் கட்டைவிரலால் சூரியனை மறைத்து எடுங்கள். பிறகு எடிட்டிங்கில் இரண்டையும் ஒட்டுங்கள்: சூரியனும் அதைச் சுற்றிய வானமும் முதல் படத்திலிருந்து, மற்றதெல்லாம் இரண்டாவதிலிருந்து. ஒட்டும் கோடு மேகத்தில் இருக்கட்டும். காற்றில் ஆடும் செடிமேல் போனால் இரட்டையாகத் தெரியும்.

சூரியனைச் சுற்றி நட்சத்திரக் கதிர் வர, லென்ஸின் துவாரமான அப்பெர்ச்சரை எஃப் 22 வரை மூடுகிறார்கள் (எண் கூடினால் துவாரம் சிறிது). கதிர் எண்ணிக்கை, அந்தத் துவாரத்தை மூடும் இதழ்களைப் பொறுத்தது. இரட்டைப்படையான 6 இதழுக்கு 6 கதிர், ஒற்றைப்படையான 9 இதழுக்கு இருமடங்காக 18. எஃப் 11 முதல் 16 வரையே போதும். அதற்கு மேல் மூடினால் படத்தின் கூர்மை குறையும், பொட்டுகளும் விளிம்பு வெட்டியதுபோலத் துலக்கமாகும். எங்கள் கட்சி, சூரியனைச் சில்வர் ஓக் மரத்தண்டுக்குப் பின்னால் பாதி ஒளிப்பது. கதிரும் கிடைக்கும், ஃப்ளேரும் அடங்கும். சூரியன் தன் அகலத்தை 2 நிமிடத்தில் கடந்துவிடும். ஆனால் இந்த அட்சரேகையில் அது ஏறக்குறைய செங்குத்தாக ஏறுவதால், மலைமுகட்டைவிட நெட்டையான தண்டு அதிக நேரம் பிடித்துவைக்கும்.

ஃபோனில் பச்சைப் பொட்டு, படத்தின் மையத்தைத் தாண்டி சூரியனுக்கு நேர் எதிரே விழும். ஃபோனை மெல்லச் சாய்த்து, அதை வெளிச்ச மேகத்துக்குள் தள்ளிவிடலாம். கேமராமேல் ஒட்டிய பாதுகாப்புக் கண்ணாடி இருந்தால் உரித்துவிடுங்கள்.

டிஎஸ்எல்ஆரின் ஆப்டிகல் வியூஃபைண்டரில் கண் வைத்துச் சூரியனை ஃப்ரேம் செய்யாதீர்கள், தூரத்தைப் பெரிதாக்கும் டெலி லென்ஸில் ஒருபோதும் வேண்டாம், பார்வையே போய்விடும். கேமராவின் பின்திரையில் (லைவ் வியூ) பாருங்கள், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே மூடியைப் போட்டுவையுங்கள்.